இடதுகை வில்

சனிக்கிழமை காலை, அடுப்பில் காபி கொதித்துக்கொண்டிருந்தபோது, என் மனைவி எதெல்காவின் வில்லை நான் உடைத்தேன். எல்லாம் வீரம் காட்டப் போய்த்தான்.

"ஐம்பத்தாறு வயசுல இவளுக்கு வில் ஒரு கேடா?" என்று என் அக்கா ஹெத்விக் ஆரம்பித்தாள். பேச்சை மாற்றுவதற்காக வில்லை எடுத்து, நாணை முழுக்க இழுத்து, அம்பே இல்லாமல் விட்டேன். அப்படி விட்டால் அந்த விசையெல்லாம் வில்லுக்குள்ளேயே இறங்கும் என்பது எங்கள் செகெத் ஊர் வில் சங்கத்தில் பொடிசுகளுக்குக்கூடத் தெரியும். படீர்! கீழ் வளைவு பிளந்து தொங்கியது.

எதெல்கா ஓடி வந்தாள். பதினெட்டு வருஷ வில்! நான் தலையைக் குனிந்து திட்டுக்குத் தயாராக நின்றேன்.

"பரவாயில்ல விலி. எப்படியும் மாத்தணும்னுதான் இருந்தேன்."

திட்டு விழவில்லை.

"எப்படியும்னா? ஏன்?"

"சும்மாதான்..."

"மகாராணிக்குப் புதுசு வேறயா!" அக்கா கைத்தடியால் தரையைத் தட்டினாள். "ஏப்ரல்ல என் இடுப்பு ஆபரேஷனப்போ ரெண்டு கரண்டி சூப் ஊட்டினா. அதுக்குப் பரிசாக்கும்?"

ரெண்டு கரண்டியா! ஆறு வாரம் அக்காவைத் தூக்கி உட்காரவைத்து, குளிப்பாட்டி, இரவெல்லாம் பக்கத்தில் கிடந்தவள் எதெல்கா. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே கிளம்பக் கோட்டை மாட்டினாள். நானோ, வழக்கம்போல, ஏதோ ஜோக் அடித்தேன்.

புது வில் வாங்க கெச்கெமேத் நகரத்துக்குப் போகும் வழியெல்லாம் காரை நான்தான் ஓட்டினேன். கோடையிலிருந்தே அவள் ஸ்டியரிங்கைத் தொடவில்லை. ஏனென்று கேட்டால், "டிரைவர் வச்சுக்கிற வசதி வந்துடுச்சு" என்பாள். நானும் சிரித்திருக்கிறேன், மடையன்! இன்று சிரிப்பு வரவில்லை.

வில் கடைக்காரர் புல்ச்சு மலை போன்ற ஆள்.

"அறுபதாயிரம் ஃபொரிந்த்துக்கு மேல முடியாது" என்றாள் எதெல்கா.

"போதும்மா. கைப்பிடி மரத்துல இருக்கட்டும். வளைவு ரெண்டும் தனியா கழட்டுற மாதிரி வாங்குங்க. பின்னாடி பலமான வளைவு வேணும்னா அதை மட்டும் மாத்திக்கலாம். மிச்சப் பணத்தை நல்ல அம்புல போடுங்க. எந்தக் கண்ணால குறி பாக்கறீங்கன்னு பாத்துடுவோம். ரெண்டு கையையும் சேத்து நீட்டி, நடுவுல சின்ன ஓட்டை விட்டு, அது வழியா என் மூக்கைப் பாருங்க."

பார்த்தாள். புல்ச்சு புருவத்தை உயர்த்தினார்.

"இடது கண்ணால பாக்கறீங்க. வலது கையால இழுக்கறவங்க வலது கண்ணாலதானே குறி பாப்பாங்க. பதினெட்டு வருஷம் வலது கையால இழுத்தேன்னீங்களே?"

"இடதுகை வில்லே குடுங்க. இருபது பவுண்டு விசை போதும்."

வலது கையால் முப்பத்தாறு பவுண்டை இழுத்தவள்!

இடதுகைக்காரர் யாரும் வராமல் ஒரு வருஷமாகத் தொங்கிய வில் ஒன்று பாதி விலைக்குக் கிடைத்தது. எதெல்கா அதை நிமிர்த்திப் பிடித்து, வளைவுகளின் நடுவில் நாண் நேராக ஓடுகிறதா என்று பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். வலது கண்ணை மூடக்கூட இல்லை. மூடத் தேவை இருக்கவில்லை...

காருக்கு வந்ததும் சாவியைப் போட என் கை வரவில்லை.

"எதெல்கா, வலது கண்ணுல என்ன தெரியுது?"

"உன் தொப்பை தெரியுது. அது எல்லாருக்கும்தான் தெரியும்."

"ஜோக் வேண்டாம்... தயவு செஞ்சு!"

ஜோக் வேண்டாம் என்று நான் சொல்லி அவள் கேட்டதே இல்லை. அவள் உதடு துடித்தது.

"ஓரத்துல கொஞ்சம் வெளிச்சம். நடுவுல ஒண்ணுமில்ல. கண்ணுக்குப் பின்னால ரத்தம் கசிஞ்சிருக்காம்."

"எப்பலேர்ந்து?"

"ஏப்ரல். டாக்டர் வரச் சொன்ன வாரம்தான் அக்காவுக்கு ஆபரேஷன். அவங்களைத் தனியா விட்டுட்டு எப்படிப் போறது? அப்புறம் போனேன்... சும்மா கடைக்குப் போறேன்னு சொல்லிட்டு."

கேட்கக் கூடாத கேள்வி அது. ஆனாலும் கேட்டேன்.

"அந்த வாரமே போயிருந்தா பார்வை மிஞ்சியிருக்குமா? உண்மையைச் சொல்லு."

எதெல்கா என் தலையை இழுத்துத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். அவள் கண்ணீர் என் காதில் விழுந்தது.

"மிஞ்சியிருக்கும் விலி" என்றாள்.