வயிற்றைக் கடந்த மௌனி

விடிந்ததும் ஜெரோசா ஒரு மௌனி மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தாள். அதன்பின் ஒரு மணி நேரம் எதுவும் சாப்பிடக் கூடாது. எதிரே உட்கார்ந்து கணவன் ரெக்சன் இட்லி தின்பதைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் சில மாதங்களாக அவளுடைய காலை.

தூத்துக்குடித் துறைமுகத்தில் கப்பல் எஞ்சின்களைப் பழுதுபார்ப்பவள் அவள். பழுதுபார்த்த எந்தக் கப்பலிலும் அவள் போனதில்லை. அவளுடைய ஈரலில் ஒரு மரபணு பிழையான புரதத்தைச் செய்துகொண்டே இருந்தது. அது நரம்புகளில் படிந்து கைகால்களை மரத்துப்போகச் செய்யும். அம்மா அப்படித்தான் முதலில் நடையையும் பிறகு உயிரையும் இழந்தார். அந்த மரபணுவை வாயடைக்கச் செய்யும் ‘மௌனி’ மருந்து மகள் காலத்தில் வந்தது, ஆனால் ஊசியாக. மருந்தைக் குளிரில் வைக்க வேண்டும். முறை தவறாமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். அந்த ஊசி போட்டுக்கொள்பவர்களைக் கரையிலிருந்து ஒரு நாள் தூரத்துக்கு அப்பால் அனுப்பக் கூடாது என்பது கப்பல் சட்டம்.

வாய்வழி கொடுத்தால் வயிறே அந்த மருந்தைச் சிதைத்துவிடும் என்று வெகுகாலம் சொல்லிவந்தார்கள். இப்போது வயிற்றைத் தாண்டிக் குடலில் மட்டும் அவிழும் உறையோடு அது மாத்திரையாக வந்திருந்தது. அவளோடு சோதனையில் சேர்ந்த சிலருக்கு அது பலிக்கவில்லை. இவளுக்கும் பலிக்காவிட்டால் மறுபடி ஊசிதான். அந்தமானுக்கு அப்பால் மிதக்கும் காற்றாலைகளுக்குப் போக அவளைக் கேட்டிருந்த கப்பல் வேறு எஞ்சினியரோடு கிளம்பிவிடும்.

ரெக்சன் கை கழுவும்போது டாக்டர் மெஹருன்னிசா அழைத்தார்.

“ரத்த முடிவு வந்திருக்கு, ஜெரோசா.”

“சொல்லுங்க டாக்டர்.”

“புரதம் நல்லா இறங்கியிருக்கு. ஊசி போட்டப்ப இருந்ததை விடவும் கீழ. சர்டிபிகேட்ல கையெழுத்துப் போட்டுட்டேன். நீங்க கப்பலுக்குப் போகலாம்.”

ஜெரோசா போனைக் கணவனிடம் நீட்டினாள். ரெக்சன் ஈரக் கையோடு அதை வாங்கினான். “டாக்டர், அவ அழுதுட்டு இருக்கா. சந்தோஷத்துலதான்” என்றான்.

வெள்ளிக்கிழமை கப்பலடியில் ரெக்சன் அவளுடைய பையைத் தோளிலிருந்து இறக்கிக் கொடுத்தான்.

“ஏட்டி, எப்ப வருவ?”

கல்யாணமானதிலிருந்து அவன் அப்படிக் கேட்டதே இல்லை. கேட்கத் தேவையும் இருந்ததில்லை. எங்கே போனாலும் அடுத்த ஊசிக்குள் அவள் வீட்டில் இருந்தாக வேண்டும்.

“தெரியலங்க. கடல் விட்டா கிறிஸ்துமஸுக்கு. இல்லன்னா அதுக்கும் அப்புறம்.”

“அப்ப சமையல் கத்துக்கிட வேண்டியதுதான்.”

“கத்துக்கிடுங்க” என்று சிரித்தாள். திரும்பும் நாள் தெரியாமல் புறப்படுவது இவ்வளவு இனிக்கும் என்று அவளுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. பையை மாட்டிக்கொண்டு, ஏணியில் இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறினாள்.