மூக்குச் சிரிப்பு

தொடர்கதைக்காரர் அந்த வீட்டுக்குப் போனது துக்கம் விசாரிக்க அல்ல. செத்துப்போன விமர்சகரின் புத்தகங்களை எடைக்குப் போடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, அதைக் கண்ணாரப் பார்க்கப் போனார். இவருடைய நாவல்கள் அத்தனையையும் "ஊசிப்போன சரக்கு" என்று ஒரே வரியில் ஒதுக்கிய ஆளாயிற்றே.

மத்தியான நேரம். ஆனாலும் அந்த அறைக்குள் இருட்டு அப்பிக் கிடந்தது. நனைந்து காய்ந்த காகித வாடை.

"இது அண்ணன் எழுதினது. எப்படி எழுதணும்னு சொல்ற புத்தகம்." விமர்சகரின் தங்கை மெல்லிய புத்தகம் ஒன்றை நீட்டினாள். "இதைப் படிச்சவங்க யாரும் அப்புறம் எழுதினதில்லைங்க."

"எழுத வராதவங்களா இருப்பாங்கம்மா."

புரட்டினார். முதல் பக்கத்தில் ஒரே வரி: 'நீ எழுதியதை நீயே நம்பினாயா?'

"இதைச் சொல்ல ஒரு புத்தகம்" என்று உதட்டைப் பிதுக்கினார்.

அலமாரிக்குப் பின்னால் யாரோ மூக்கால் சிரித்தார்கள்.

தங்கை நிமிரவில்லை. "அண்ணன்தான்" என்று கிசுகிசுத்தாள். "எடுத்துட்டுப் போயிடுங்க. அது போற இடத்துக்கு அவரும் போயிடுவாரு."

பயந்ததாகக் காட்டினால் மானம் போகும். பையில் போட்டுக்கொண்டார்.

மறுநாள் காலை எழுத உட்கார்ந்தார். 'அவள் விழிகள் கயல்களாய்த் துள்ளின.'

காதருகே அந்தச் சிரிப்பு.

அடித்துவிட்டு எழுதினார். 'அவன் இதயம் சுக்குநூறாய் உடைந்தது.'

இம்முறை பிடரியில் மூச்சுப் பட்டது. காகித வாடையடித்த மூச்சு.

ஆயுசெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு எழுதித் தள்ளிய வரிகள். இப்போது அவருக்கே குமட்டின. கை தானாக எழுதியது: 'எனக்கு எழுத வராது.'

சிரிப்பில்லை.

அந்த அமைதிதான் அவரை உலுக்கியது. புத்தகத்தைக் கொல்லைக்கு எடுத்துப் போய்க் கொளுத்தினார். சாம்பலைக் கிளறிக் கிளறித் தண்ணீர் ஊற்றினார். திரும்பி வந்து கயலும் சுக்குநூறுமாக ஒரே மூச்சில் அத்தியாயத்தை முடித்தார். எந்தச் சத்தமும் இல்லை.

"செத்த பிறகும் திமிரைப் பாரு" என்று முனகிக்கொண்டார்.

சாப்பிடக் கூப்பிட வந்த மனைவி மேஜையருகே நின்றாள். கல்யாணமான நாளிலிருந்து அவர் எழுதியதில் ஒரு வரிகூடப் படிக்காதவள். இன்று தாள்களை எடுத்தாள். நின்றபடியே கடைசி வரை படித்தாள்.

"நல்லா இருக்கா?"

அவள் தலை நிமிரவில்லை. வறண்ட ஆண் குரலில் சொன்னாள்:

"மறுபடி எழுது."