விசிறிக்கு விடுதலை!

டெலிபோன் அடித்தது... அடித்தது... அடித்துக்கொண்டே இருந்தது.

எடுக்க வேண்டியவர் எடுக்கவில்லை.

கண்ட்ரோல் ரூமில் ரிசீவரைக் காதில் வைத்திருந்த பாப்பாவுக்கு எரிச்சல் வந்தது. மெஷின் ஹாலுக்குள் போன அண்ணன் பத்து நிமிஷமாகப் பேச்சு மூச்சைக் காணோம்!

பாப்பா என்பது அவளுடைய பெயர் அல்ல. முப்பத்தாறு வயதில் யாருக்கும் அது பெயராக இருக்க முடியாது. சின்ன வயதில் அண்ணன் கூப்பிட்டது ஆபீஸ் வரைக்கும் வந்து ஒட்டிக்கொண்டது. அண்ணன்தான் இங்கே தலைமை அதிகாரி. ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு மருந்து அளவு கணக்குப் போட்டுக் கொடுக்கும் பன்னிரண்டு கம்ப்யூட்டர்களும் அவர் பொறுப்பு. அவற்றில் எதற்கு எந்த இடத்தில் நோவு என்று திரையில் பார்த்துச் சொல்வது அவள் வேலை.

ரிசீவரை வைத்துவிட்டு எழுந்தாள். கண்ணாடிக் கதவைத் தள்ளினாள்.

ஓ...வென்று நூற்றுக்கணக்கான விசிறிகளின் இரைச்சல். உள்ளே ஒருவன் தொண்டை கிழியக் கத்தினாலும் வெளியே ஒரு ஈ காக்கைக்குக் கேட்காது.

"அண்ணே!"

ஆறாம் நம்பர் மெஷினுக்குப் பின்னால் இரண்டு செருப்புகள் தெரிந்தன.

செருப்புகளுக்குள் கால்கள் இருந்தன.

"அண்ணே... என்ன கீழே உக்காந்து..."

அண்ணன் உட்கார்ந்திருக்கவில்லை. பின் மண்டை பிளந்து குப்புறக் கிடந்தார்! பக்கத்தில், மெஷினைத் தாங்குகிற இரும்புச் சட்டம் ஒன்று. அதன் முனையில் ரத்தமும் நாலைந்து நரைமுடியும்.

பாப்பா அலறினாள்.

விசிறிகள் அந்த அலறலையும் விழுங்கின.

*

மணி ஒன்று.

கண்ட்ரோல் ரூம் மேஜைக்கு இந்தப் பக்கம் பாப்பா. அந்தப் பக்கம் இன்ஸ்பெக்டர். வாசலில் ஒரு கான்ஸ்டபிள். இன்ஸ்பெக்டர் ஒல்லியான மனிதர். ஜலதோஷம் பிடித்திருந்தது.

"மறுபடி முதல்ல இருந்து சொல்லுங்கம்மா. அண்ணன் எதுக்கு உள்ளே போனாரு?"

"பதினொண்ணு முப்பத்தொண்ணுக்கு ஆறாம் மெஷின்ல ஒரு விசிறி நின்னு போச்சுன்னு திரையில வந்துச்சு சார். சொன்னேன். நானே பாத்துக்கறேன்னு போனாரு."

"அதை இப்பக் காட்ட முடியுமா?"

"முடியும் சார். பழுது லிஸ்டுல ஒரு பேர் ஏறிட்டா, யாராவது கமாண்ட் அடிச்சு எடுக்கற வரைக்கும் அது அங்கேயேதான் இருக்கும்."

கறுப்புத் திரையில் ஒரு வரி அடித்தாள். என்டரைத் தட்டினாள்.

எதுவும் வரவில்லை.

கர்சர் மட்டும் கண் சிமிட்டியது.

"என்னம்மா, ஒண்ணையும் காணோம்?"

"பழுது... பழுது இல்லைன்னா அது ஒண்ணும் சொல்லாது சார்..." மறுபடி என்டரைத் தட்டினாள். "ஆனா இருந்துச்சு சார்! என் கண்ணால பாத்தேன்!"

இன்ஸ்பெக்டர் கைக்குட்டையில் மூக்கைச் சிந்தினார். நிதானமாக மடித்தார்.

"நான் சொல்றேன், சரியான்னு பாருங்க. பழுது வரவே இல்லை. இல்லாத பழுதைச் சொல்லி அண்ணனை உள்ளே அனுப்பினீங்க. பின்னாடியே நீங்களும் போனீங்க. கட்டடத்துல உங்களையும் வாசல் செக்யூரிட்டியையும் விட்டா வேற ஆள் கிடையாது."

"பின்பக்கம் சாமான் இறக்கற கதவு இருக்கு சார்!"

"அதோட பூட்டு நம்பர் யாருக்கெல்லாம் தெரியும்?"

"அண்ணனுக்கு... எனக்கு... என் வீட்டுக்காரருக்கு."

"உங்க வீட்டுக்காரர் காலையில இருந்தே ஊருக்கு அந்தப் பக்கம், பார்ட்ஸ் வாங்கப் போயிருக்காரு. அண்ணன் செத்துட்டாரு. மிச்சம் யாரு?"

கூடப் பிறந்தவன் பிணம் இன்னும் வண்டியில்கூட ஏறவில்லை. அதற்குள் அவள் கொலைகாரி!

"மகளிர் போலீஸை வரச் சொல்லியாச்சு. அரை மணி நேரத்துல வந்துடுவாங்க. வீட்டுல யாருக்காவது சொல்லணும்னா சொல்லிக்கோங்க."

சொல்வதற்கு இருந்த ஒரே ஆள் அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தார்.

அவள் கணவர். இங்கே இன்ஜினியர். அண்ணனுக்கு அடுத்த நாற்காலி அவருடையதுதான். இருநூறு நாளாக ஒரு மெஷினும் ஒரு நிமிஷம்கூட நின்றதில்லை என்று மேலிடத்தில் மாலை மரியாதை வாங்கியவர்.

"மச்சான்...!" என்று கதறியபடி நாற்காலியில் விழுந்தார். சட்டை முழுக்க வியர்வை. "காலையில என்கூட நல்லாப் பேசினாரே சார்! எந்தப் பாவி..."

"ஏங்க," என்றாள் பாப்பா. அழுகை இப்போதுதான் பொத்துக்கொண்டு வந்தது. "என்னைச் சந்தேகப்படறாங்கங்க. ஆறாம் மெஷின்ல ஃபேன் ட்ரே நின்னு போச்சுன்னு..."

"ட்ரே இல்ல. மாட்யூல்," என்றார் அவர், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

எட்டு வருஷக் கல்யாணத்தில் அவள் வாயிலிருந்து விழுந்த ஒரு வார்த்தையையும் அவர் திருத்தாமல் விட்டதில்லை. சாவு வீட்டிலுமா!

"பாப்பா... நல்லா யோசிச்சுச் சொல்லு. அந்த எரர் நிஜமாவே வந்துச்சா?"

"என்னங்க கேக்கறீங்க?"

"இல்ல... நேத்து நீயும் அண்ணனும் சத்தம் போட்டுக்கிட்டீங்களே. அதை சார்கிட்ட சொல்லிட்டியா? நாளைக்குத் தெரிஞ்சா தப்பாயிடும், அதுக்காகத்தான்..."

இன்ஸ்பெக்டரின் புருவம் மேலே போனது.

"சண்டையா? இதைச் சொல்லவே இல்லையேம்மா!"

பாப்பா கணவரைப் பார்த்தாள். கைகொடுக்க வந்தவர் காலை வாரிவிட்டுப் போகிறாரே!

"சண்டை இல்லை சார். நாலாம் மெஷின்ல ஒரு மெமரி போர்டு. கெட்டுப் போச்சுன்னு அடிக்கடி லிஸ்டுல வருது, மாத்தாமலே காணாம போயிடுது. நீதான் எடுத்து விடறியான்னு அண்ணன் கேட்டாரு. எனக்குக் கோவம் வந்துச்சு. கத்தினேன். அவ்வளவுதான்."

"நாலாம் மெஷினுக்கு என்ன அவ்வளவு விசேஷம்?"

அவள் தலை குனிந்தாள்.

"போன வாரம் ஆஸ்பத்திரியில ரெண்டு நோயாளிக்குப் பத்து மடங்கு மருந்து ஏத்தி செத்துப் போனாங்களே சார்... அந்தக் கணக்கு நாலாம் மெஷின்ல போட்டது."

"அந்தக் கேஸா? நர்ஸம்மாவை உள்ளே வெச்சிருக்கோமே! அளவைத் தப்பாப் படிச்சுட்டாங்கன்னு..."

"இப்ப எதுக்கு அந்தக் கதை?" என்றார் இன்ஜினியர் சட்டென்று.

அந்தச் 'சட்டென்று' பாப்பாவின் காதில் சுருக்கென்று தைத்தது.

"சார்," என்றாள். "எனக்கு ரெண்டு நிமிஷம் குடுங்க. இந்த லிஸ்ட், இப்ப இருக்கற பழுதை மட்டும்தான் காட்டும். எடுத்துட்டா மறைஞ்சுடும். ஆனா வந்தது, போனது எல்லாத்துக்கும் தனியா ஒரு பதிவு இருக்கு. அதை அழிக்கணும்னா அண்ணனோட பாஸ்வேர்டு வேணும்."

இன்ஜினியர் நாற்காலியின் நுனிக்கு வந்தார்.

"உனக்கு... உனக்கு ஹிஸ்டரி பாக்கத் தெரியுமா?"

"நீங்க கேட்டதே இல்லையே!"

அடித்தாள். என்டர்.

திரை முழுக்க மளமளவென்று வரிகள் கொட்டின. திரை அவள் பக்கம் மட்டும் திரும்பியிருந்தது. எதிரே இருந்த இரண்டு ஆண்களுக்கும் தெரிந்தது மானிட்டரின் முதுகும் தூசியும்தான்.

"இருக்கு சார்!" அவள் குரல் உடைந்தது. "பதினொண்ணு முப்பத்தொண்ணு, ஆறாம் மெஷின், விசிறி நின்னது. நான் பொய் சொல்லலை! அதை லிஸ்டுல இருந்து எடுத்தது... பதினொண்ணு ஐம்பத்திரண்டு!"

"யார் எடுத்தது?"

"என் பேருலதான் இருக்கு. இதே மேஜையில இருந்து."

"அப்ப நீங்கதான்!"

"அண்ணனைப் பாத்ததும் நான் வாசலுக்கு ஓடிட்டேனே சார்! கம்ப்யூட்டரைத் திறந்து போட்டுட்டு..."

இன்ஸ்பெக்டர் பாக்கெட் நோட்டைப் புரட்டினார். புரட்டிய விரல் நின்றது.

"செக்யூரிட்டி சொன்னான். பதினொண்ணு ஐம்பதுக்கு நீங்க கேட்டுல வந்து மயங்கி விழுந்தீங்க. தண்ணி தெளிச்சு, போலீஸுக்குப் போன் பண்ணி, நாங்க வர்ற வரைக்கும் கூடவே இருந்திருக்கான்." மெல்ல நிமிர்ந்தார். "அப்ப ஐம்பத்திரண்டுக்கு இந்த நாற்காலியில உக்காந்தது யாரு?"

பாப்பா மானிட்டர் பக்கம் குனிந்தாள்.

அவள் கண் திரையின் மேல் பாதிக்குப் போயிருந்தது. நாலாம் மெஷின், மெமரி போர்டு. ஒரு தடவை, இரண்டு தடவை... பதினொரு தடவை! பதினொரு தடவையும் ஒரே கமாண்ட். பதினொன்றும் அவள் கணவரின் பெயரில்!

விசிறிக்கு அடித்திருந்ததும் அதே கமாண்ட்தான்.

போர்டை மாற்ற வேண்டுமென்றால் மெஷினை நிறுத்த வேண்டும். நிறுத்தினால் இருநூறு நாள் பெருமை போய்விடும். அதற்காக இரண்டு உயிர். அதற்காக ஒரு நர்ஸ் ஜெயிலில். அவளிடம் கேட்ட பிறகு அண்ணன் இந்தப் பதிவைப் பார்த்திருக்க வேண்டும். அதற்காக அண்ணனும்! இப்போது...

இப்போது அவள்.

ஆனால் விசிறிக்கு எழுத்தில் இருப்பது அவள் பெயர். சாட்சி யாரும் கிடையாது. இவர் மறுத்தால் மறுத்ததுதான்.

"என்னம்மா பாக்கறீங்க?"

பாப்பா நிமிர்ந்தாள். கண்ணைத் துடைத்தாள்.

"ஒண்ணுமில்லை சார். எப்படி எடுத்தாங்கன்னு பாத்தேன். 'ரீப்ளேஸ்ட்'னு அடிச்சிருக்காங்க."

பொய்!

திரையில் அந்த வார்த்தையே இல்லை!

"அப்படின்னா?"

"பழைய விசிறியைக் கழட்டிட்டு ஸ்டோர்ல இருந்து புதுசு கொண்டுவந்து மாட்டியாச்சுன்னு அர்த்தம். கொன்னவன் கையில புது விசிறி இருந்திருக்கு சார்."

"ஸ்டோர் சாவி யார்கிட்ட?"

"என் வீட்டுக்காரர்கிட்ட. அவர்கிட்ட மட்டும்தான்."

இன்ஜினியர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். முகம் கறுத்தது.

"என்னடி உளர்றே? சார், ஸ்டோரை இப்பவே வந்து எண்ணிப் பாருங்க, ஒரு விசிறி குறையாது! எவனும் மாத்தலை, அதே பழைய விசிறிதான் ஓடுது! அடிச்சது 'அக்விட்'! ரீப்ளேஸ்டுக்கும் அக்விட்டுக்கும் வித்தியாசம் தெரியாம எட்டு வருஷமா இந்த நாற்காலியைத் தேய்..."

நின்றார்.

வாய் திறந்தபடியே நின்றது.

இன்ஸ்பெக்டர் பாக்கெட் நோட்டை மூடினார்.

"சார்," என்றார் இன்ஸ்பெக்டர் ரொம்ப மரியாதையாக. "திரை உங்களுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு இருக்கு. நீங்க ஊருக்கு அந்தப் பக்கம் இருந்தீங்க. அடிச்சது என்னன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அது... பொதுவா... ஒரு யூகம்..."

பாப்பா மானிட்டரைத் திருப்பினாள்.

"பாத்துக்கோங்க சார். அக்விட். எடுக்கறதுக்கு மூணு வார்த்தை இருக்கு. சரி பண்ணினா ரிப்பேர்ட். புதுசு மாட்டினா ரீப்ளேஸ்ட். அந்தப் பொருள் மேல குத்தமே இல்லை, வீணா சந்தேகப்பட்டுட்டோம்னா அக்விட். விடுதலை! மேலே பாருங்க, நாலாம் மெஷின் போர்டுக்கும் இவர் பேருல பதினொரு விடுதலை! நின்னு போன விசிறி திரும்ப ஓடினா எல்லாரும் ரிப்பேர்ட்னுதான் அடிப்போம். விசிறி கெட்டே போகலைன்னு ஒருத்தனுக்குத்தான் தெரியும். ப்ளக்கைப் புடுங்கி, அண்ணனை வரவெச்சு, அடிச்சுப் போட்டுட்டு, திரும்பச் சொருகினவனுக்கு!"

"பாப்பா! நான் உன்னை மாட்டிவிடணும்னு நினைக்கலை..."

"என் நாற்காலியில உக்காந்துதானே அடிச்சே?"

அடிச்சே!

எட்டு வருஷத்தில் முதல் முறையாக 'நீங்க' போய் 'நீ' வந்துவிட்டது.

அவன் வாசலைப் பார்த்தான். கான்ஸ்டபிள் வாசலை அடைத்துக்கொண்டு நின்றான்.

"நாளைக்கு மேலிடத்துல சொல்லப் போறேன்னார்," என்றான் அவன். தரையைப் பார்த்துப் பேசினான். "கால்ல விழுந்தேன். தங்கச்சி புருஷனாச்சேன்னு பாருங்க மச்சான்னு கெஞ்சினேன். ஒரு நர்ஸு உள்ளே இருக்கா, தூக்கம் வரலைடான்னார். நான் என்ன செய்ய?"

பாப்பா முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினாள். அண்ணனுக்காக அழுதாளா, போன எட்டு வருஷத்துக்காக அழுதாளா, அவளுக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. அழுது முடித்து நிமிர்ந்தபோது குரல் கரகரத்தது.

"சார்... முதல்ல அந்த நர்ஸம்மா இருக்கற ஜெயிலுக்கு ஒரு போன் போடுங்க. ஒரு நிமிஷம்கூட வீணாக்காதீங்க."

"போட்டுடறேம்மா." இன்ஸ்பெக்டர் எழுந்து விலங்கை எடுத்தார்.

க்ளிக்!

"ரொம்ப இறுக்குது சார்," என்றான் இன்ஜினியர் ஈனக் குரலில். "கொஞ்சம் கழட்டி விடுங்க. நான் ஓட மாட்டேன்."

இன்ஸ்பெக்டர் மூக்கைச் சிந்திவிட்டுச் சிரித்தார்.

"இதுக்கு கமாண்டெல்லாம் கிடையாது இன்ஜினியர் சார், சாவிதான்... அதையும் தூக்குக் கயிறு மாட்டறதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவைதான் போடுவாங்க!"