முப்பத்தாறு பேர் சேர்ந்த அணு

அன்று பம்பரத்துக்குக் கால் தரையில் பாவவில்லை. ஓரிடத்தில் உட்காராதவள் என்பதால் வகுப்பு அவளுக்கு வைத்த பெயர் அது.

மூன்று மணிக்கு மைதானத்தில் வகுப்பே ஒரு சோடியம் அணுவாக நிற்கப் போகிறது. நடுவில் பதினொரு புரோட்டான், பன்னிரண்டு நியூட்ரான். சுற்றிலும் மூன்று வட்டங்களில் பதினொரு எலக்ட்ரான் ஓட வேண்டும். வெளியே இருக்கும் பெரிய வட்டத்தில் ஒரே ஒரு எலக்ட்ரான்தான். அது பம்பரம்!

வகுப்பு லீடர் பட்டியலும் கையுமாக எல்லாரையும் விரட்டிக்கொண்டிருந்தாள். 'அடங்காதவர்கள்' என்று கரும்பலகையில் தினமும் பம்பரத்தின் பெயரை எழுதுகிறவள் இவள்தான்.

"முப்பத்து நாலு பேர். கணக்கு சரியா இருக்கு!"

"நீ எங்க நிக்கப் போற?" என்று கேட்டான் ஒரு புரோட்டான்.

லீடர் பட்டியலை மேலும் கீழும் பார்த்தாள். எல்லாரையும் எண்ணியவள் தன்னை எண்ண மறந்துவிட்டாள்! கொல்லென்று சிரிப்பு எழுந்தது.

"பரவாயில்ல, நான் விசில் ஊதறேன்," என்றாள் லீடர். விசிலோ டீச்சரிடம் இருந்தது.

'நல்லா வேணும்' என்று பம்பரம் ஒரு நொடி நினைத்தது உண்மைதான். ஆனால் லீடரின் கண்ணைப் பார்த்ததும் மனசு கேட்கவில்லை. வகுப்புக்குள் ஓடினாள். சுவரில் தனிம அட்டவணை தொங்கியது.

சோடியத்துக்கு அடுத்த கட்டம் மெக்னீசியம். மேலே அணு எண் 12. கீழே அணு நிறை 24.3. முழு எண்ணாக்கினால் 24.

"பன்னிரண்டு புரோட்டான், பன்னிரண்டு எலக்ட்ரான், இருபத்து நாலு நியூட்ரான்... நாற்பத்தெட்டு பேரா? ஆளுக்கு எங்க போறது!"

உடனே தலையில் குட்டிக்கொண்டாள். இருபத்து நாலு என்பது புரோட்டானும் நியூட்ரானும் சேர்ந்த கணக்கு. அதில் பன்னிரண்டு புரோட்டானைக் கழித்தால் நியூட்ரானும் பன்னிரண்டுதான். மொத்தம் முப்பத்தாறு பேர்.

லீடரோடு சேர்த்து முப்பத்தைந்து. இன்னும் ஒருவர் வேண்டும். மணி இரண்டு ஐம்பத்தைந்து!

பம்பரம் மூச்சிரைக்க மைதானத்துக்கு ஓடிவந்தாள். "டீச்சர், நாம மெக்னீசியம் ஆயிடலாம். நீங்களும் வாங்க!"

"எனக்கு முட்டி வலிம்மா. ஓட முடியாது."

"நியூட்ரான் ஓட வேணாம் டீச்சர். நடுவுல சும்மா நின்னா போதும்."

டீச்சர் சிரித்துக்கொண்டே நடுவில் போய் நின்றார். அங்கிருந்த ஒரு நியூட்ரான் பையன் சட்டையில் கூட்டல் குறி ஒட்டிக்கொண்டு புரோட்டான் ஆனான்.

"பன்னிரண்டாவது எலக்ட்ரான் எந்த வட்டத்துல ஓடும்?" என்று மெல்லக் கேட்டாள் லீடர்.

பம்பரம் வெளி வட்டத்தைப் பார்த்தாள். அந்தப் பெரிய வட்டம் தனக்கு மட்டும்தான் என்று மூன்று நாளாகத் தூங்காமல் மகிழ்ந்திருந்தாள். விட்டுக்கொடுக்கக் கஷ்டமாகத்தான் இருந்தது.

"என் வட்டத்துல," என்றாள்.

விசில் ஒலித்தது. அணு சுழன்றது. மூன்றாவது சுற்றில் லீடருக்கு மூச்சு வாங்கியது.

"ஏய், உனக்குத் தலை சுத்தலையா?"

"நின்னாத்தான் சுத்தும். வா!"

லீடர் ஓடினாள். விசில் மறுபடி ஒலித்த பிறகும் அவர்கள் இருவரும் நிற்கவில்லை.