ஐவரும் ஒன்றாக

கூடைப்பந்து இறுதி ஆட்டத்தில் டைம்-அவுட் விசில் ஊதினேன். வழக்கம்போல இரண்டு அணிப் பெண்களும் மைதான ஓரத்திலிருந்த விரிகால அறைகளுக்குள் போனார்கள். ஆளுக்கு ஓர் அறை. வெளியே ஒரு நிமிடம் கழிவதற்குள் உள்ளே ஒரு முழு இரவு கழிந்துவிடும். தூங்கி, சாப்பிட்டு, குளித்துவிட்டு வருவார்கள். அவர்கள் அதற்கு வைத்த பெயர் 'பாக்ஸ்'. பாக்ஸ் வந்த பிறகு எங்கள் விதிப்புத்தகம் தலையணை அளவுக்குத் தடித்துவிட்டது. உருப்படியாக ஒரு விதி அதில் இல்லை.

ஹாரன் அடித்ததும் கதவுகள் திறந்தன. நீல அணியின் தமயந்தி கடைசியாக வந்தாள். முழங்கால் பிசகி, தோழிகளின் தோளைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனவள் இப்போது நேராக நடந்து வந்தாள். போகும்போது ஒட்ட வெட்டியிருந்த முடி இப்போது கழுத்தைத் தொட்டது.

எதிரணிக் கோச் என்மேல் பாய்ந்தார். டைம்-அவுட் முடிந்தால் ஐவரும் ஒன்றாகத் திரும்ப வேண்டும் என்பது விதி, இவள் மட்டும் ஒரு வருஷம் கழித்து வந்திருக்கிறாள், டெக்னிகல் ஃபவுல் கொடுங்கள் என்றார். நீல அணிக் கோச் செல்லையா சுவர்க் கடிகாரத்தைக் காட்டினார். அறைக்குள் எவ்வளவு காலம் வைப்பது என்பது கோச்சின் உரிமையாம். காலைச் சரிசெய்ய ஒரு வருஷம் தேவைப்பட்டது, வெளியே ஒரு நிமிடம்தானே என்றார்.

புத்தகத்தைப் புரட்டினேன். எந்தக் கடிகாரப்படி ஒன்றாக என்று எழுத அதைத் தயாரித்த மேதாவிகளில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அவர்கள் குளுகுளு அறையில் எழுதுவார்கள். வசவு வாங்குவது நான். வேறு வழியில்லாமல் சுவர்க் கடிகாரத்தையே பிடித்துக்கொண்டு, ஆடலாம் என்றேன். சொன்ன எனக்கே அது பிடிக்கவில்லை.

தமயந்தி ஆடினாள் என்று சொல்ல முடியாது. பந்து கைக்கு வந்ததும் யாருக்குக் கொடுப்பது என்று தெரியாமல் விழித்தாள். ஆத்திரத்தில் செல்லையா உடனே அடுத்த டைம்-அவுட் கேட்டார். மற்றவர்கள் அறைகளுக்குப் போக, அவள் நடு மைதானத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

பக்கத்தில் போய்க் குனிந்தேன். அறைக்குப் போகாதவர் ஆட்டத்துக்குத் திரும்ப முடியாது, இறுதி ஆட்டம் இது, உங்கள் அணியில் மாற்று ஆளும் இல்லை, நால்வராக ஆட விதியும் இல்லை என்று எடுத்துச் சொன்னேன்.

"ஒரு ராத்திரிதான்னு சொல்லித்தான் சார் அனுப்புனாரு. கதவத் தட்டித் தட்டி கை வீங்கிப்போச்சு. ஒரு வருஷமா ஒரு மனுஷக் குரல் கேக்கல."

"நான் ஊதினா கப் போயிரும்மா."

"ஊதுங்க சார்."

ஊதினேன். செல்லையா என்னை என்னவெல்லாமோ திட்டினார். போன டைம்-அவுட்டிலேயே அவர்மேல் ஃபவுல் ஊதாமல் விட்டது நான்தான் என்பதால் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டேன்.

தமயந்தி காலரிப் படிகளில் ஓடினாள். முழங்கால் நன்றாகவே குணமாகியிருந்தது. மேலே உட்கார்ந்திருந்த அம்மாவைக் கட்டிப் பிடித்தவள் விடவே இல்லை. அந்த அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. பிளாஸ்க்கிலிருந்து ஊற்றிய டீ கையில் ஆவி பறக்க, அது சிந்தாமல் தள்ளிப் பிடித்துக்கொண்டு, "என்னடி இது, இப்பத்தானே கீழ போன" என்றார்.