தொலைந்த கார்டின் கொசுறு

ஈஸ்வரன் எழுந்தான். பல் துலக்கினான். பால் பொங்கியதும் அடுப்பை அணைத்தான். காக்கிச் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டான். மனைவி ரேணுகா இறந்த பிறகு இந்த சப்-இன்ஸ்பெக்டர் வேலைக்குத் தாமதமாகப் போனதில்லை.

போடி ஸ்டேஷனில் ஏலக்காய் வியாபாரி பிச்சைமணியும் மனைவி செல்லக்கனியும் காத்திருந்தார்கள். சுவரோரம் அவர்களுடைய ஜீப்பு டிரைவர் பேச்சிமுத்து.

"திங்கக்கிழமை மலைக்குப் போனப்ப ஜீப்புல இருந்து கிரெடிட் கார்டு போச்சு சார்," என்றார் பிச்சைமணி. "செவ்வாக்கிழமை மத்தியானம் அதை வச்சுப் பட்டுச்சேலை எடுத்திருக்கான். ரகசிய நம்பரைக் கார்டு உறையிலயே எழுதி வச்சிருந்தேன். இவனைத் தவிர யாரு?"

"கேஸ் போட்டா எவனும் ஜீப்புச் சாவி தர மாட்டான் சார்," என்றான் பேச்சிமுத்து. "எனக்கு வேற சோலி தெரியாது."

"பூட்டின போன் மேல வந்த பேங்க் மெசேஜைப் பார்த்ததே நான்தான்," என்றாள் செல்லக்கனி. "இவரு எனக்குப் பட்டு எடுத்ததே இல்ல. திருடனுக்காவது பொண்டாட்டி மேல பாசம் இருக்கு."

ஈஸ்வரன் பிச்சைமணியின் போனை வாங்கினான்.

"வேற யாராவது இதைத் திறப்பாங்களா?"

"என் விரல் வச்சாத்தான் திறக்கும்." குரலில் பெருமை.

பேங்க் ஆப்பில் சேலைக்கான பில். அதன் கீழே கேஷ்பேக் என்று ஒரு வரி.

"இது?"

"கொசுறு மாதிரி சார். அந்தக் கடையில யாரு கார்டு தேச்சாலும் தானா விழும்."

ஈஸ்வரன் தன் போனைத் திறந்தான். அதே பேங்க், அதே கார்டு. ஆஃபர் பட்டியலில் மருந்துக்கடை இருந்தது. பட்டுக்கடை இல்லை.

"எனக்கு வரலையே. நாம எங்க செலவழிக்கிறோம், எங்க செலவழிக்கிறதில்லன்னு பார்த்து ஆளுக்கொரு கடையா அனுப்புவாங்க. அது வந்தா மட்டும் போதாது. பணம் கொடுக்கிறதுக்கு முன்னாடி ஆப்புக்குள்ள போய் அந்த ஆஃபரை அமுக்கணும். அமுக்கலைன்னா கொசுறு கிடையாது."

பிச்சைமணியின் போனை மேசையில் திருப்பி வைத்தான். ஆஃபர் வந்தது செவ்வாய் காலை. அமுக்கியது பிற்பகல் 2.10. சேலை 2.25.

"கார்டு திருடன் கையில. போன் உங்க கையில. திங்கக்கிழமை தொலைஞ்ச கார்டுக்குச் செவ்வாக்கிழமை எதுக்கு ஆஃபர் அமுக்கினீங்க? சேலை எடுத்தது நீங்கதான்."

பிச்சைமணி ஏலத்தில் சாம்பிளுக்குக் கொடுத்த கைப்பிடிக் காயையும் திரும்பக் கேட்கிறவர். வீட்டுக்குத் தெரியாமல் சேலை எடுக்கும்போதும் கொசுறை விட மனம் வரவில்லை.

"அந்தச் சேலை இப்ப எந்த வீட்டுல இருக்கு?" என்று செல்லக்கனி மெதுவாகக் கேட்டாள்.

வெளியே வந்த பேச்சிமுத்து சட்டைக் காலரால் முகத்தைத் துடைத்தான். "இதெல்லாம் எப்படி சார் தெரியும்?"

"என் வீட்டுக்காரி சொன்னா."

ஈஸ்வரன் பெயரைச் சொல்லித்தான் ரேணுகாவின் உயிர் போனது என்று சொந்தக்காரர்கள் சொல்லிக்கொள்கிறார்கள். அவன் மறுப்பதில்லை. அன்று ஆஸ்பத்திரியில் டாக்டர் சீட்டை நீட்டினார். அவன் மருந்துக்கடைக்கு ஓடத் திரும்பியபோது அவள் கட்டிலில் இருந்து கடைசியாகச் சொன்னது இதுதான்:

"மொதல்ல ஆஃபரை அமுக்கிட்டு, அப்புறம் கார்டைக் கொடுங்க."