டேப்பின் மறுமுனை

மூடிக் கிடந்த மிட்டாய்த் தொழிற்சாலையின் பூட்டைத் திறந்துவிட்டு மேஸ்திரி சுற்றுமுற்றும் பார்த்தார்.

“அக்கா வரலையா சார்? டேப்போட மறுமுனையை யார் பிடிப்பாங்க?”

“அவ தவறிட்டா. நாலு மாசமாச்சு” என்றார் வரைபடக்காரர்.

மேஸ்திரிக்கு முகம் விழுந்துவிட்டது. “யாரும் சொல்லவே இல்லையே சார்…”

“நீங்க வந்து பிடிங்களேன்.”

“ஐயோ, எனக்கு ஏற்கெனவே சர்க்கரை. உள்ளே மூச்சு விட்டாலே ஏறிடும்.” சிரித்து மழுப்பினார். வாசற்படியைத் தாண்டவில்லை.

இடிப்பதற்கு முன் கட்டடத்தின் வரைபடம் வேண்டுமாம். வரைபடக்காரர் தனியாக உள்ளே போனார். கல்யாணமான நாளிலிருந்து இந்த வேலைக்கு இரண்டு பேராகத்தான் போவார்கள். அவள் நுனியைப் பிடித்துக்கொண்டு “ம், பிடிச்சாச்சு” என்பாள். அவர் அளவைப் படிப்பார். பேச்சு அவ்வளவுதான். அந்த இரண்டு வார்த்தையை இன்னொரு தடவை கேட்க எதை வேண்டுமானாலும் கொடுத்திருப்பார்.

பாகு காய்ச்சிய கூடம் நீண்டு கிடந்தது. ஆவி வெளியேறக் கூரையை வெகு உயரத்தில் போட்டிருந்தார்கள். உச்சியில் சின்னச் சின்ன ஜன்னல்கள். பகல் வெளிச்சம் பாதிச் சுவரோடு நின்றுவிட்டது. பாகை மாட்டி இழுக்கிற இரும்புக் கொக்கிகள் சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருந்தன. ஒன்றுகூட ஆள் கைக்கு எட்டாது. அங்கே நின்று யார் இழுத்தார்கள்?

கருகிய சர்க்கரை வாசம், அடுப்பை இப்போதுதான் அணைத்தது போல.

நுனியை ஒரு செங்கல்லுக்கு அடியில் செருகிவிட்டு மறுகோடிக்கு நடந்தார். பாதி வழியில் டேப் தொய்ந்தது. செங்கல் நழுவியிருக்கும். சலித்துக்கொண்டு திரும்பினார்.

டேப் விறைத்தது.

இருட்டுக்குள் யாரோ பிடித்திருந்தார்கள்.

“நீயா?”

பிடி தளரவில்லை.

அவர் அளவைப் படித்தார். குறித்துக்கொண்டார். அடுத்த சுவருக்கு நகர்ந்தார், மறுமுனையும் நகர்ந்தது. தூண் தூணாக வேலை ஓடியது. மனசு லேசாகி, “சாயங்காலத்துக்குள்ள முடிச்சிடலாம்டி” என்றுகூடச் சொன்னார்.

அப்புறம்தான் கவனித்தார். டேப் அவர் கையிலிருந்து சரிவாக மேலே போய்க்கொண்டிருந்தது. கொக்கிகளின் உயரத்துக்கு.

அவர் மனைவி குள்ளம். அவர் தோளுக்குக்கூட வரமாட்டாள்.

கையிலிருந்ததை அப்படியே போட்டுவிட்டு ஓடினார்.

“சார், டேப் எங்கே?” என்றார் மேஸ்திரி.

“அங்கேயே கிடக்கட்டும்.”

காரில் ஏறிக் கதவைச் சாத்தினார். பக்கத்து இருக்கையின் பெல்ட் மெல்ல நீண்டது. நீண்டுகொண்டே போனது.

டக்கென்று மாட்டிக்கொண்டது.

தலைக்கு மேலே காரின் கூரை, உள்ளிருந்து எதுவோ முட்டியது போல, புடைத்து எழுந்தது.

இறங்கி ஓடிவிடலாம். கை கதவுவரை போயிற்று. பூட்டிக் கிடக்கும் வீடும், ஒற்றைத் தட்டும், பேச ஆளில்லாத ராத்திரியும் கண்ணுக்குள் வந்தன.

கையை எடுத்துக்கொண்டார்.

“போலாமா?” என்றார்.